பதினோராம் பகுதியில் முளைத்த காடு

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் அத்தையும் நல்லபடி இருக்கிறோம். அங்கே நீங்களும் தம்பி வீட்டில் எல்லாரும் நல்லபடி இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவ்வப்போது கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளச் சொன்னாரே டாக்டர், அதைச் செய்கிறீர்களா? கடையில் கூட்டம் இருந்தால் மறந்துவிடுகிறீர்கள் என்று ஓரகத்தி சொன்னாள். புண் வந்தால் லேசில் ஆறாது. வியாபாரம் காத்திருக்கும்.

தம்பி போன வாரம் போனில் பேசினார். மாதாமாதம் பஸ் ஏறி வந்து அலைய வேண்டாம் என்று நீங்கள் சொல்லச் சொன்னதாகச் சொன்னார். சரி, வரவில்லை. நான் வந்தால் நீங்கள் பல்பு டப்பாக்களை அடுக்கப் போய்விடுகிறீர்கள். போனில் கூப்பிட்டால் "ம்" என்கிறீர்கள். கல்லுளிமங்கனுக்கு வாக்கப்பட்டிருக்கிறேன் என்பது கல்யாணமான முதல் மாதமே தெரிந்துவிட்டது, அதில் புதுசாக வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் கடிதத்துக்கு "ம்" கொட்ட முடியாது. பாதியில் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போகவும் முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதுகெலும்பு உடைந்து நீங்கள் மலையிறங்கி மூன்று வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரி முடிந்தது, பயிற்சி முடிந்தது, தம்பி கடையில் கல்லாவிலும் உட்கார்ந்தாயிற்று. வீட்டுக்கு எப்போது என்ற பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை. நானும் இந்தக் கடிதத்தில் எடுக்கவில்லை.

அத்தையின் கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். மருந்தோடு கிட்டே போனால் கரண்டியை எடுத்துக்கொண்டு அடிக்க வருகிறார். உங்கள் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். சமையலறைக் கூரை ஒழுகின இடத்தில் தகரம் மாற்றியாகிவிட்டது. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஓடையோரப் பகுதிகளைப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த வேலையை மேனேஜர் எனக்குக் கொடுத்திருக்கிறார். நாற்றங்காலில் பைக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தவளுக்கு இது பெரிய வேலைதான். நட்டவளே வெட்டுகிறவளும் ஆகிவிட்டாளா என்று அத்தை கேட்டார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரியிடம் எங்கள் வீட்டு சூப்பர்வைசர் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

வேலையோடு முதல் உத்தரவும் வந்தது. மழைக்கு முன்பு பதினோராம் பகுதியை முழுதாக வெட்டி எடுக்க வேண்டுமாம்.

அந்த எண்ணை எழுதும்போதே கை நிற்கிறது. புயலில் சாய்ந்து ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்த பைன் மரங்களை எடுக்க நீங்கள் போன அன்றைக்குப் பிறகு அங்கே யாரும் கால் வைக்கவில்லை. களை வெட்டவும் ஆட்கள் போக மாட்டேன் என்றார்கள். மேனேஜரும் வற்புறுத்தவில்லை. இப்போது வேறு வழியில்லை என்கிறார். மற்ற பகுதிகளில் இருப்பதெல்லாம் இளசு. மர அறுவை மில்லில் பாதி நாள் ரம்பம் சும்மா நிற்கிறது. ஆட்கள் வாசலில் உட்கார்ந்து பொழுதைப் போக்குகிறார்கள்.

மில்லுக்கு இங்கிருந்து மரம் போகாவிட்டால் வேறு எங்கிருந்து போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடைக்கு அந்தப்புறம் பெரிய காட்டின் உச்சிச் சரிவில் யாரோ கை வைத்துவிட்டார்கள். இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத மரம், அடிக்கட்டை மட்டும் ஈரமாக நிற்கிறது. மாமா அந்தக் காட்டில் கோடாலி பிடித்தவர். நீங்களோ தோட்டத்தில் நட்டு வளர்த்த மரத்தை மட்டுமே வெட்டியவர். நாம இங்க வெட்டினாத்தான் அவங்க அங்க வெட்ட மாட்டாங்க என்று கல்யாணமான புதிதில் எனக்குச் சொன்னபோது உங்கள் முகத்தில் இருந்த கர்வம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் போனேன். நெட்டையைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு உங்களோடு இருந்தவன் என்பதால் அவனுக்குத்தான் இடம் தெரியும். முதலில், மரம் உங்கள் மேல் விழுந்த அந்த இடத்தைப் பார்த்து ஒரு மூச்சு அழுதுவிட்டு, பிறகு வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன்.

இடம் கிடைக்கவில்லை. நம் பைன் தோப்புக்குள் எப்போது போனாலும் என்ன இருக்கும்? ஊசிச் சருகு மெத்தை மாதிரி கிடக்கும், ஒரு புல் இருக்காது. இங்கே புயல் திறந்துவிட்ட இடமெல்லாம் பச்சையாக இருக்கிறது. நாவல், அத்தி, காட்டு மா, பெரணி, பெயர் தெரியாத பளபளப்பான இலைகள், சில இடுப்பளவு, சில என் தோளளவு. ஓடைக்கு அந்தப்பக்கம் தின்றுவிட்டு இந்தப்பக்கம் வந்து எச்சமிட்ட பறவைகளின் வேலை எல்லாம். நெட்டை ஒரு இடத்தில் நின்று இங்கதான் என்றான். பிறகு, இல்ல, அங்க என்றான். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, தெரியல அண்ணி என்றான்.

அழப் போனவள் அழ இடம் தெரியாமல் திரும்பி வந்தேன். அதை உங்களிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

பதில் போடாவிட்டாலும் படிப்பீர்கள் என்று நம்பும்
உங்கள் வீட்டுக்காரி

*

அன்புள்ள உங்களுக்கு,

நலம். போன கடிதத்தை இரண்டு தரம் படித்தீர்கள் என்று ஓரகத்தி சொன்னாள். ஒற்று வேலைக்கு நான் அவளை வைக்கவில்லை, அவளாகவே சொன்னாள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பதினோராம் பகுதியில் பார்த்ததை மேனேஜரிடம் சொன்னேன். அவர் அறை அப்படியேதான் இருக்கிறது. மழைக்கோட்டு ஆணியில் தொங்குகிறது, காகிதம் பறக்காமல் இருக்க மேஜைமேல் பைன் துண்டுகள். ஒரு துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார். களை மண்டிவிட்டது என்கிறாயா என்றார். களை இல்லை, காடு என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருஷத்தில் காடா என்றார். ஆனாலும் மனிதர் நேர்மையானவர். தன் கண்ணால் பார்க்க வந்தார், வரும்போது வன ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு அம்மாவையும் அழைத்து வந்தார்.

அந்த அம்மா முட்டி போட்டு ஒவ்வொரு கன்றாகப் பார்த்தார். அட்டை கடித்து ரத்தம் ஒழுகியது, அது கூடத் தெரியவில்லை அவருக்கு. ஓடைக்கு அந்தப்புறம் பெரிய காடு, மேலே பாறைக்குப் பின்னால் தனியாக நிற்கும் சின்னக் காட்டுத் துண்டு, நடுவில் நம் பைன். அடியில் முளைத்திருப்பது வளர்ந்து நின்றால் இரண்டு காடும் கைகோத்துக்கொள்ளும் என்றார். கிளைக்குக் கிளை தாவுகிற ஜீவன்கள் தரையில் இறங்காமலே இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போகலாமாம். அதனால் இந்தப் பகுதியில் கத்தி படவே கூடாது என்றார்.

மேனேஜருக்குச் சுருக்கென்றது. மில் வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் நீங்களே வந்து சொல்லுங்கள் என்றார். இங்கே எடுக்காத ஒவ்வொரு மரத்துக்கும் உச்சிச் சரிவில் ஒரு மரம் போகும், அதற்கு நீங்கள் காவல் இருப்பீர்களா என்றும் கேட்டார். அந்த அம்மாவுக்கும் உச்சிச் சரிவு தெரியும். ஒருவர் காட்டைப் பார்க்கிறார், ஒருவர் மில்லைப் பார்க்கிறார். இரண்டு பேர் சொன்னதிலும் பொய்யில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நான் பேசலாமா என்று தெரியவில்லை. பேசிவிட்டேன். பைனை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கீழே இருப்பதை விட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். அந்த அம்மா உடனே நிமிர்ந்தார். பைன் போனால் வெளிச்சம் வரும், ஊசி கொட்டுவதும் நிற்கும், கன்றுகளுக்கு அதைவிட நல்லது கிடையாது என்றார். மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். நம் வெட்டும் மெஷின் பஸ் அகலம். அது உள்ளே போனால் கன்று என்ன, மண்ணே மிஞ்சாது. கையால் வெட்டிச் சொன்ன இடத்தில் சாய்க்கிறவர்கள் இப்போது யார் இருக்கிறார்கள் என்றார்.

நெட்டைதான் தரையைப் பார்த்துக்கொண்டே, அண்ணன் இருந்தா தூளியில புள்ளையப் போடுற மாதிரி போடுவார் என்றான். சொல்லிவிட்டு டிராக்டர் பக்கம் போய்விட்டான். உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, அன்றைக்குப் பிறகு அவன் ரம்பத்தைத் தொடவில்லை. டிராக்டர்தான் ஓட்டுகிறான்.

அதனால் கேட்கிறேன். மரங்கள் எல்லாம் வளர்ந்து நெருங்கி நிற்கின்றன. சரிவு ஓடையைப் பார்த்து இறங்குகிறது. ஒரு மரத்தைக் கன்றுகளுக்கு நடுவில் நசுக்காமல் சாய்ப்பது எப்படி, சிக்கினால் எப்படி விடுவிப்பது, ஆட்கள் எங்கே நிற்க வேண்டும், எல்லாம் எழுதுங்கள். உங்களுக்குப் பொழுதுபோக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உங்கள் மேல் பரிதாபப்பட்டும் கேட்கவில்லை. எனக்கு வேலை ஆக வேண்டும். வேறு யாருக்காவது தெரிந்திருந்தால் அவர்களிடம் கேட்டிருப்பேன், உங்களிடம் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டேன்.

மேனேஜர் ஒரு வரிசை மரத்தை மட்டும் சோதனைக்குத் தந்திருக்கிறார். அது சரியாக வராவிட்டால் மெஷின்தான் இறங்கும்.

பதிலுக்குக் காத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி

*

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தடிமனாக இருந்ததால் தபால்காரர் கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டார். அத்தை கண்ணைக் கசக்கிக்கொண்டே படி, படி என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நானும் படித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஆப்பு, வடம், சாய்மானம், காற்று. நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. அம்மாவின் கண் எப்படி என்று இல்லை. இது மகன் எழுதின கடிதமா, மர வியாபாரி எழுதினதா என்று அத்தை கேட்டார். ஆனால் நீங்கள் போட்டிருந்த படங்களை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் வரைஞ்சிருக்கான் என்றார். எனக்கும் அப்படித்தான். ஒரு கண்ணில் கோபம், ஒரு கண்ணில் சந்தோஷம்.

சோதனை வரிசையில் வேலையை ஆரம்பித்துவிட்டோம். விழ வேண்டிய பக்கம் முதலில் வாய் மாதிரி பிளவு வெட்டி, பின்பக்கம் அறுக்கும்போது நடுவில் கொஞ்சம் விட்டு, ஆப்பை அடித்து, நீங்கள் எழுதினபடியேதான் எல்லாம். ஒன்றில் மட்டும் உங்கள் பேச்சை மீறினேன். மரமெல்லாம் ஓடைப்பக்கம் சாய்ந்திருக்கும், சாய்ந்த பக்கமே இறக்கிவிடு என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பார்த்தபோது அங்கே வெறும் சருகு. இப்போது ஈரம் இருக்கிறதனால் கன்றுகள் மிக நெருக்கமாக இருப்பது அந்த ஓடைப்பக்கம்தான். அதனால் டிராக்டரில் கம்பிவடம் பூட்டி, மேலே மரம் ஏற்றிப் போகிற பழைய மரப்பாதைப் பக்கமாக இழுத்துச் சாய்த்தோம். திட்டுவீர்கள் என்று தெரியும். வந்து பார்த்தால் திட்ட மாட்டீர்கள்.

ரம்பத்தை நெட்டை பிடித்தான். நான் கேட்கவில்லை. படங்களை அவனிடம் காட்டினேன், வெகுநேரம் பார்த்தான், பிறகு போய் ரம்பத்தை எடுத்து வந்து சங்கிலிக்கு எண்ணெய் விட்டான். முதல் சில மரங்கள் பாதையில் நூல் பிடித்த மாதிரி விழுந்தன. மேனேஜர் கைதட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆராய்ச்சி அம்மா ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்ததுதான் தப்பிப்போனது. வடம் வழுக்கிவிட்டது. மரம் கட்டையிலேயே சுழன்று பக்கத்து மரத்தில் மோதி, கிளையை முறித்துக்கொண்டு, கன்றுகளுக்கு நடுவில் வந்து விழுந்தது. நல்ல அத்திக் கன்று, தோளளவு வளர்ந்தது, கூழாகிவிட்டது. ஆட்கள் யாருக்கும் ஒரு கீறல் இல்லை, ஏனென்றால் நீங்கள் நிற்கச் சொன்ன இடத்தை விட்டு ஒருவரையும் நான் நகர விடவில்லை. அதை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நெட்டை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தேன், பாதி மேலே கொட்டிக்கொண்டான். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட நீ அவரைப் போய்ப் பார்க்கவில்லையே என்று அப்போதுதான் அவனைக் கேட்டேன். உங்களுக்கு அந்த வருத்தம் உண்டு என்று எனக்குத் தெரியும். சேர்ந்து வேலை பார்த்தவர்கள் எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று தம்பியிடம் சொன்னீர்களாம். நெட்டை சொன்னதை அவன் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எத்தனையோ தடவ வந்திருக்கேன் அண்ணி, அண்ணன் முன்னாடி ரெண்டு காலோட போய் நிக்க வெக்கமா இருக்கு என்றான்.

யார் தப்பும் இல்லாத ஒரு விபத்துக்கு அவனும் நீங்களும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டிருக்கிறீர்கள். வேறு என்ன சொல்ல.

வேலை நின்றுபோகும் என்று நினைத்தேன். மேனேஜர் விழுந்த மரத்தையும் நின்ற கன்றுகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்று போனது, மற்றதெல்லாம் நிற்கிறதே என்றார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். பகுதி முழுவதையும் இப்படியே எடுக்கலாம், எத்தனை பருவம் ஆனாலும் சரி, மில்லுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மரம் வந்தால் போதும். ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் பக்கத்தில் இருந்து பார்த்து, எந்தப் பக்கம், எப்போது என்று சொல்ல விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். கடிதத்தைப் பார்த்து மரம் வெட்டக் கூடாது என்றார். ஓடையை ஒட்டி நிற்பவற்றை எந்தப் பக்கம் சாய்த்தாலும் கன்று சாகும். அவற்றைச் சுற்றிலும் பட்டை உரித்து, நின்றபடியே பட்டுப்போக விட்டுவிடலாம் என்று ஆராய்ச்சி அம்மா சொன்னார். நல்ல மரம் வீணாகிறதே என்று மேனேஜர் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார்.

அந்த விவரம் தெரிந்த ஆள் நீங்கள்தான் என்று ஆட்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். மேனேஜர் ஜீப் அனுப்புகிறேன் என்கிறார். இது தயவு தாட்சண்யம் இல்லை. வர முடியாவிட்டால் சீக்கிரம் சொல்லச் சொன்னார், வெளியிலிருந்து வேறு ஆள் பார்க்க வேண்டுமாம்.

நான் எதுவும் சொல்லவில்லை. மேனேஜர் சொன்னதை எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்காரி

பி.கு. அத்தையின் கண் பரவாயில்லை. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

*

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் போட்ட இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. இரண்டாவதில் அம்மா கண்ணுக்கு மருந்து ஒழுங்காக விட்டுக்கொள்கிறாரா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியை அத்தைக்கு மூன்று தரம் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து மருந்தென்றால் தானே வந்து முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்துகொள்கிறார். கரண்டி அடுப்படியிலேயே இருக்கிறது.

முதல் கடிதத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். மலைக்கும் சக்கரத்துக்கும் ஆகாது என்று எழுதியிருக்கிறீர்கள். பதினோராம் பகுதிக்குப் போகிற மரப்பாதை, பாரம் ஏற்றின டிராக்டர் சறுக்காமல் இறங்க வேண்டும் என்று நீங்களே நின்று சரிவு பார்த்துப் போட்டது. அதில் ஒரு நாற்காலி உருளாது என்றால் பாதை போட்டவரைத்தான் கேட்க வேண்டும். மழை கிளறின இடங்களில் ஆட்கள் சரளை போட்டு மட்டம் செய்திருக்கிறார்கள். யார் செய்யச் சொன்னது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் காட்டுகிறார்கள்.

எல்லாரும் பார்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்ப்பார்கள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் பார்ப்பார்கள். ஆனால் மரம் முறிகிற சத்தம் கேட்கும்போது ஒருத்தரும் உங்கள் காலைப் பார்க்க மாட்டார்கள், உங்கள் வாயைத்தான் பார்ப்பார்கள்.

உன் கழுத்தில் கல்லாகத் தொங்க மாட்டேன் என்ற வரியை நான் அத்தைக்குப் படிக்கவில்லை. அதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். மூன்று வருஷமாக நான் சமைக்கும்போது அளவு தப்புகிறது. இரண்டு பேருக்கு என்று நினைத்துத்தான் அரிசியைப் போடுகிறேன், வடித்துப் பார்த்தால் மூன்று பேருக்கு இருக்கிறது. மறுநாள் காலையில் அத்தை அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்.

இங்கே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் பாதையோரத்து மரங்களை மட்டும்தான் எடுக்கிறோம். உள்ளே போக மேனேஜர் விடவில்லை. எடுத்த இடத்தில் வெயில் தரை வரைக்கும் விழுகிறது. கன்றுகளின் இலை கறுத்துத் திரண்டிருக்கிறது. பட்டை உரித்து விட்ட பைன்கள் ஓடையோரத்தில் ஊசி பழுக்க ஆரம்பித்திருக்கின்றன, அதற்குள் ஒரு மரங்கொத்தி வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நல்ல மரத்தை வீணாக்கினோம் என்று முனகினவரே முதலில் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மில்லில் ரம்பம் ஓடுகிற சத்தம் குவார்ட்டர்ஸ் வரை கேட்கிறது. உச்சிச் சரிவில் இந்த மாதம் யாரும் கை வைக்கவில்லை. மில்லுக்கு இங்கிருந்து மரம் போவதனாலா, வனத்துறை அங்கே காவல் போட்டதனாலா என்று எனக்குத் தெரியாது. இரண்டுமாக இருக்கலாம். இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும் என்று ஆராய்ச்சி அம்மா சொல்கிறார். முதலில் மூன்று வருஷத்தில் காடா என்று சிரித்த மேனேஜர் இப்போது ஆட்களிடம், பார்த்துப் போங்கப்பா, காட்டை மிதிக்காதீங்க என்கிறார்.

நெட்டை அடுத்த ஞாயிறு அங்கே வருகிறான். பஸ் ஸ்டாண்டோடு திரும்பக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவனை நிற்க வைத்துப் பேசாதீர்கள். ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள், அது போதும்.

இனி இரண்டாவது கடிதம். அதில் மலையைப் பற்றிப் பேச்சே இல்லை. குவார்ட்டர்ஸ் படியைப் பற்றியும் வாசலைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால், படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலையில் ஆரம்பித்தவர் வாசல் வரை வந்துவிட்டீர்கள்.

படியைப் பற்றி இனிமேல் பேச்சு வேண்டாம். அதை மூடிச் சிமெண்டில் சரிவு போட்டாகிவிட்டது. அத்தை அதில் ஏறியிறங்கிப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை, என் முட்டி பிழைத்தது என்கிறார்.

வாசல் குறுகல் என்று எழுதியிருந்தீர்கள். அது நிஜம். மில்லிலிருந்து தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நிலையை மாற்றி அகலமாக வைக்கலாம் என்றார். எவ்வளவு அகலம் என்று கேட்டார். நான் இரண்டு கையையும் விரித்து இவ்வளவு என்றேன். கையைப் பார்த்தெல்லாம் நிலை செய்ய முடியாதும்மா, நாற்காலியோட அளவு சொல்லுங்க என்கிறார். ஓரகத்தியிடம் கேட்டு வாங்கலாம், எனக்குப் பிடிக்கவில்லை. நீங்களே அளந்து எழுதுங்கள். சக்கரத்தில் கை வைத்துத் தள்ளுகிற வளையத்தையும் சேர்த்து அளக்க வேண்டுமாம், முழங்கை இடிக்காமல் இருக்க அவர் இரண்டு பக்கமும் கொஞ்சம் கூட்டிக்கொள்வார். ஒரு கார்டில் அளவை மட்டும் எழுதிப் போட்டால் போதும். வருகிறேன், வரவில்லை என்றெல்லாம் எழுத வேண்டாம். அளவு மட்டும்.

தச்சர் வேலை சுறுசுறுப்பு. நான் சரி என்று சொல்வதற்குள் பழைய நிலையையும் கதவையும் கழற்றி வெளியே சாய்த்து வைத்துவிட்டார். உங்கள் கார்டு வரும்வரை வாசலில் தார்ப்பாய்தான் தொங்குகிறது. அத்தைக்குக் காற்று ஆகாது, மழையும் பக்கத்தில் வந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லா இருங்கள்.

கதவில்லாத வீட்டிலிருந்து
உங்கள் வீட்டுக்காரி